செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இருபது நிமிடம்: தருமபுரி, கிருஷ்ணகிரி மண்ணில் பதற்றம் தணிய ஒரு நடைப் பழக்கம்

மனசு படபடக்கும்போது "காலாற நடந்துட்டு வா" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது நல்ல யோசனைதான். ஆனால் செருப்பைக் கழற்றினாலே கவலை இறங்கிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி, ஏப்ரல் மாதத்துப் பகல் பதினொரு மணிக்குப் பாறையில் கால் வைத்தால் மிஞ்சுவது கொப்புளம்தான். இந்த நடையில் பதற்றத்தைத் தணிப்பது மெதுவான வேகமும், பாதத்தில் நிற்கும் கவனமும், நீளமாக விடும் மூச்சும். வெறுங்கால் அதற்கெல்லாம் ஒரு ஒத்தாசை. சரியான தரையும் சரியான நேரமும் அமைந்தால் பெரிய ஒத்தாசை.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள், 33 மூட்டுகள். உள்ளங்காலின் தோலில் அழுத்தத்துக்கு, அதிர்வுக்கு, தோல் இழுபடுவதற்கு என்று தனித்தனி உணர்வு நரம்பு முனைகள் நெருக்கமாக இருக்கின்றன. ரப்பர் செருப்பில் நடக்கும்போது ஒவ்வொரு காலடியும் ஒரே மாதிரி இருப்பதால் மூளை அதைக் கண்டுகொள்வதில்லை. செம்மண்ணில் அப்படி முடியாது. ஒரு இடம் மாவு மாதிரி, அடுத்த காலடியில் பொடிக்கல், நிழல் விழும் இடத்தில் சில்லென்று ஈரம். ஒவ்வொன்றும் மூளையைத் தட்டிக் கூப்பிடுகிறது. கடன் தவணையையும் பிள்ளையின் மார்க்கையும் சுற்றிச் சுற்றி வரும் நினைப்பு அந்த நேரத்துக்குப் பின்னால் போகிறது. மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்கினால் இதயத் துடிப்பும் சற்று மட்டுப்படும்.

பூமியிலிருந்து மின்னணுக்கள் உடம்பில் ஏறி நோயைத் தீர்க்கின்றன என்ற பேச்சை ஒதுக்கிவிடலாம். அதற்குக் காட்டப்படும் ஆய்வுகள் மிகச் சிறியவை, பலவீனமானவை. வழக்கமான நடை பதற்றத்தையும் மனச்சோர்வையும் குறைக்கும் என்பதற்குத்தான் உறுதியான சான்று இருக்கிறது. ஆகவே வெறுங்கால் ஒத்துவராதவர்கள் செருப்போடு இதே நடையை நடந்தாலும் பெரும்பகுதி பலன் கிடைக்கும்.

முதலில் காலைப் பாருங்கள்

சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெளியில் வெறுங்காலோடு நடக்கவே வேண்டாம். இதில் விதிவிலக்கு இல்லை. உணர்ச்சி மங்கிய பாதத்தில் முள் ஏறினாலும் தெரியாது, சூடு பட்டாலும் தெரியாது. தெரிய வரும்போது புண் ஆழமாகிவிட்டிருக்கும். தொழுநோயால் மரத்துப்போன பாதத்துக்கும், இரத்த ஓட்டம் குறைந்த காலுக்கும் இதேதான்.

சர்க்கரை இல்லையென்று நினைப்பவர்களும் ஒரு சோதனை செய்துகொள்ளலாம். கண்ணை மூடிப் படுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவர் உங்கள் வலது காலின் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஒன்றொன்றாக ஆள்காட்டி விரலால் ஒன்றிரண்டு விநாடி இலேசாகத் தொட வேண்டும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தேய்க்கக் கூடாது. பிறகு இடது கால். தொட்டது தெரிந்ததும் "வலது", "இடது" என்று சொல்லுங்கள். ஆறு தொடுதலில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லையென்றால் செருப்பை மாட்டிக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள்.

பித்தவெடிப்பு ஆழமாகி இரத்தம் கசிந்தால், விரலிடுக்கில் சேற்றுப்புண் இருந்தால், காலாணியை அண்மையில் அறுத்திருந்தால், ஆறும்வரை பொறுங்கள். தனுர்வாத ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று நினைவில்லையா? ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் போட்டுக்கொண்டபின் தொடங்குங்கள். பத்து ஆண்டுக்கு ஒருமுறை அது தேவை. சாணமும் மண்ணும் கலந்த இடத்தில்தான் அந்தக் கிருமியின் வித்துகள் கிடக்கின்றன.

தருமபுரிப் பக்கம் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஃபுளோரைடு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரைப் பல ஆண்டுகள் குடித்தவர்களில் சிலருக்கு முதுகும் முழங்காலும் இறுகிப் போயிருக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தபிறகும் பழைய இறுக்கம் போவதில்லை. குனிந்து நிமிர முடியாதவர் மேடு பள்ளத்தில் தடுமாறினால் தாங்கிக்கொள்ளச் சிரமப்படுவார். அவர்களுக்கு வீட்டுத் திண்ணை ஓரம், சுவரைப் பிடித்தபடி, சமதளத்தில் நடப்பது போதும்.

உடம்பைத் தாண்டியும் ஒரு காரணம் உண்டு. செருப்புப் போட்டு நடக்கவே விடாத தெருக்கள் தமிழ்நாட்டில் இருந்தன. அந்த நினைவைச் சுமக்கும் குடும்பத்தில் ஒருவரிடம் "செருப்பைக் கழற்று, நல்லது" என்று சொல்வதற்கு முன் யோசிக்க வேண்டும். அவமானத்தை நினைவூட்டும் எதுவும் பதற்றத்தைத் தணிக்காது.

தரையைத் தேர்ந்தெடுப்பது

முழு வழிகாட்டியில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். பூங்காவில் ஒரு சுற்று, ஊரைச் சுற்றி ஒரு சுற்று என்றெல்லாம் வேண்டாம். 50 அடி நீளம், 3 அடி அகலம் உள்ள ஒரு கோடு போதும். போய்த் திரும்பி, போய்த் திரும்பி நடக்கலாம். இடம் சிறிதாக இருந்தால் முழுவதையும் சுத்தம் செய்ய முடியும், ஒவ்வொரு அங்குலமும் காலுக்குத் தெரிந்துவிடும்.

முதல் தரமான இடம் வீட்டு வாசல் மண், அல்லது நிலத்தில் உள்ள பழைய மண் களம். கேழ்வரகும் நிலக்கடலையும் காயவைத்து, மிதித்து மிதித்து இறுகிய களத்தில் முள் முளைப்பதில்லை. ஆனால் கேழ்வரகு அறுத்த கொல்லையில் இறங்க வேண்டாம். அரிவாள் சாய்வாக வெட்டிவிட்டுப் போன தாளின் அடி காய்ந்து, சீவிய பென்சில் மாதிரி நிற்கும். சிமென்ட் களம் என்றால் காலை ஏழரை மணிக்குள் முடித்துவிடுங்கள்.

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கத்து மாந்தோப்புகள் பார்க்க இதற்கென்றே வைத்தது போலிருக்கும். அங்கே மூன்று சங்கதிகள். பூ விடும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மருந்து அடிப்பார்கள். குத்தகைக்காரரிடம் கடைசியாக எப்போது அடித்தார்கள் என்று கேளுங்கள், இரண்டு வாரம் ஆகவில்லையென்றால் போகாதீர்கள். காய் பறிக்கும் பருவத்தில் சிந்தும் மாங்காய்ப் பால் தோலைப் புண்ணாக்கும், விழுந்து அழுகிய பழத்தில் குளவி மொய்க்கும். மூன்றாவது சருகு. சுருட்டை விரியன் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக, மங்கிய பழுப்பு நிறத்தில், சருகோடு சருகாகக் கிடக்கும். சருகு மூடிய தரையில் வெறுங்கால் கூடவே கூடாது. வரிசைக்கு நடுவே உழுதோ கூட்டியோ விட்ட வெற்று மண் கண்ணுக்குத் தெரிகிற இடம் மட்டும்தான்.

இரண்டு மாவட்டத்திலும் காலுக்கு முதல் எதிரி நெருஞ்சி. மழை பெய்த சில நாளில் தரையோடு தரையாகப் படரும், ஐந்து இதழ் மஞ்சள் பூ பூக்கும். காய் காய்ந்ததும் ஐந்து துண்டாகப் பிளக்கும். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு நீள முள், இரண்டு குட்டை முள். எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேல்நோக்கியே நிற்கும்படி அதன் அமைப்பு. செடியைப் பிடுங்கிய பிறகும் காய் மாதக்கணக்கில் மண்ணில் கிடக்கும். அதனால் பூ பூக்கும்போதே வேரோடு பிடுங்குங்கள். பிடுங்கிய இடத்தில் ஒரு பழைய கோணிச் சாக்கை நனைத்து விரித்து, அதன்மேல் செருப்புக் காலால் மிதித்துவிட்டுச் சாக்கை எடுத்தால், கிடக்கும் முட்களில் பெரும்பகுதி சாக்கில் ஒட்டிக்கொண்டு வரும். பிறகு தென்னந் துடைப்பத்தால் கூட்டுங்கள். பார்த்தீனியச் செடி ஓரத்தில் இருந்தால் கையுறை போட்டுப் பிடுங்குங்கள், சிலருக்குத் தோல் அரிப்பு வரும்.

நிழலும் ஈரமும் சேர்ந்த மண்ணில், மனிதர்கள் மலம் கழிக்கும் இடங்களில், கொக்கிப்புழுவின் நுண்புழு காலின் தோலைத் துளைத்து உள்ளே போகும். குடலில் தங்கி இரத்தத்தைக் குடித்து இரத்தசோகை உண்டாக்கும். இரத்தசோகையே படபடப்பையும் அசதியையும் தரும் என்பதால், பதற்றம் போக நடந்து பதற்றத்தை வாங்கி வந்த கதையாகிவிடும். ஏரிக்கரை, ஓடைக்கரை, ஊருக்கு ஒதுக்குப்புறம் எல்லாம் இதனால் தள்ளுபடி. நாய்கள் படுக்கும் மணல் குவியலும் அப்படியே.

கிரானைட் பட்டறைகள் உள்ள ஊர்களில் வழியோரம் கல் சில்லு கிடக்கும், கண்ணாடிச் சில்லு மாதிரி அறுக்கும். ஓசூரில் லேத் பட்டறைத் தெருக்களில் இரும்புச் சுருள் சிதறிக் கிடக்கும். வாசல் சுத்தமாகத் தெரிந்தாலும் கயிற்றில் கட்டிய காந்தம் ஒன்றைத் தரையில் இழுத்துப் பாருங்கள். ஒகேனக்கல் பாறைகளில் வெறுங்கால் நடை வேண்டாம். ஈரமும் பாசியும் சேர்ந்த பாறை வழுக்கினால் பக்கத்தில் காவிரி. கிருஷ்ணகிரி அணைப் பூங்கா போன்ற இடங்களில் புல்லில் இறங்கலாமா என்று காவலரிடம் கேட்டுக்கொண்டு, முதலில் செருப்போடு ஒரு சுற்று வந்து சிரிஞ்சு ஊசி, பாட்டில் மூடி, குச்சி ஐஸ் குச்சி எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள்.

நேரம்

சூரியன் எழுந்து தரை நன்றாகத் தெரிந்தபிறகு, வெயில் ஏறும் முன். கோடையில் ஆறு மணியிலிருந்து ஏழரை. தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் கேழ்வரகு முற்றும் மாதங்களில் யானை இறங்கும். அங்கே நன்றாக விடிந்து, ஊரில் ஆள் நடமாட்டம் தொடங்கியபின்தான் நிலத்துக்குப் போக வேண்டும். அந்தியில் எங்கும் வேண்டாம், பாம்பும் தேளும் வெளியே வரும் நேரம் அது.

சூட்டுக்கு ஒரு சோதனை: புறங்கையைத் தரையில் வைத்து ஏழு எண்ணுங்கள். எண்ணி முடிக்கும் முன் கையை எடுக்கத் தோன்றினால் அந்தத் தரை உங்களுக்கு அன்று இல்லை. உள்ளங்கையால் சோதிக்காதீர்கள், அதன் தோல் தடிப்பு, சூடு தாமதமாகத்தான் தெரியும். ஓசூர்ப் பக்கத்து மார்கழிக் காலையில் எதிர்ப்பிரச்சினை. குளிரில் பாதம் விறைத்தால் முள் குத்துவதும் தெரியாது. ஐந்து நிமிடத்தில் பாதம் மரத்துவிட்டால் அன்று வீட்டுக்குள் நடங்கள்.

நடக்கும் முறை

கோயில் பிரகாரத்தில் அடிப்பிரதட்சணம் செய்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு காலின் விரல் நுனியோடு அடுத்த காலின் குதிகாலை ஒட்டி வைத்து நகர்வார்கள். நமக்கு வேண்டியது அதைவிடச் சற்றே வேகம். குதிகாலுக்கும் விரலுக்கும் நடுவில் நாலு விரற்கடை இடைவெளி விட்டால் சரியாக இருக்கும். 50 அடிக் கோட்டைக் கடக்கச் சுமார் 45 காலடி, ஒரு நிமிடம் பிடிக்கும். அதற்கு முன்பே முடிந்தால் வேகம் கூடுதல்.

போனை வீட்டில் வைத்துவிடுங்கள். கோட்டின் தொடக்கத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். எடை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: குதிகால், கட்டைவிரலின் அடிமேடு, சுண்டுவிரலின் அடிமேடு. பதற்றத்தில் இருப்பவர்கள் சிலருக்குக் கால் விரல்கள் தரையைப் பற்றிக்கொண்டு சுருண்டிருக்கும். அதைத் தளர்த்துங்கள். தாடையும் தோளும் அதோடு தளரும்.

பிறகு காலை எடுங்கள். குதிகாலை ஓங்கி வைக்காமல், பூனை வைப்பது போல இலேசாக வைத்து, எடையைப் பாதத்தின் வெளி ஓரமாகக் கொண்டுபோய் முன்பாதத்தில் இறக்கி, கடைசியில் கட்டைவிரலால் தள்ளுங்கள். பார்வை பத்தடி முன்னால் தரையில் இருக்கட்டும். காலையே குனிந்து பார்த்தால் கழுத்து வலிக்கும், வரும் கல்லும் தெரியாது. மூச்சு: இரண்டு காலடிக்கு உள்ளே, மூன்று காலடிக்கு வெளியே, மூக்கு வழியாக. மூச்சை வலிந்து ஆழமாக இழுக்காதீர்கள். அளவுக்கு மீறி இழுத்தால் தலை சுற்றும், விரல் மதமதக்கும், அதைப் பார்த்துப் பயம் இன்னும் கூடும்.

முதல் மூன்று நடைக்கு, கால் உணர்வதை மனதுக்குள் ஒற்றைச் சொல்லாகச் சொல்லுங்கள்: சூடு, மொரமொரப்பு, ஈரம், மேடு, வழவழப்பு. நல்லது, கெட்டது என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம். நாலாவது நடையிலிருந்து சொல்லை விட்டுவிட்டு இடது காலை மட்டும் கவனியுங்கள். நினைப்பு அலைந்து போகும். போனது தெரிந்த அந்தக் கணத்தில் அடுத்த இடது காலடிக்குத் திரும்பினால் போதும். பத்து நிமிடத்தில் இருபது முறை அலைந்தாலும் நடை சரியாகத்தான் நடக்கிறது. கோட்டின் முடிவில் சட்டென்று திரும்பாமல் நின்று, ஒரு முழு மூச்சு விட்டுத் திரும்புங்கள்.

நடுவில் திடீரென்று படபடப்பு உச்சத்துக்கு ஏறினால் நடையைத் தொடர்ந்து போராட வேண்டாம். நின்று, கால் விரல்களால் மண்ணை ஐந்து விநாடி அழுத்தி விடுங்கள், ஐந்து முறை. அடங்கவில்லையென்றால் உட்காருங்கள். நெஞ்சை அழுத்தும் வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, அதோடு வியர்வை என்று எது வந்தாலும் அதைப் பதற்றம் என்று நீங்களே முடிவு கட்டாமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

ஆறு வாரம்

செருப்போடு பழகிய பாதத்தின் தசைகள் பலவீனமாக இருக்கும். ஒரே நாளில் முக்கால் மணி நேரம் நடந்தவர்களுக்குத்தான் குதிகால் வலி வருகிறது. முதல் வாரம் வீட்டுத் தரையிலும் வாசலிலுமாக 5 நிமிடம், ஒரு நாள் விட்டு ஒரு நாள். இரண்டாவது வாரம் மண் கோட்டில் 8 நிமிடம். மூன்றிலும் நாலிலும் 12, ஐந்தாவது வாரம் 15, ஆறாவது வாரம் 20. அதற்கு மேல் கூட்ட வேண்டியதில்லை. நேரத்தைக் கூட்டும் வாரத்தில் தரையைக் கடினமாக்காதீர்கள், தரையை மாற்றும் வாரத்தில் நேரத்தைக் கூட்டாதீர்கள்.

காலையில் படுக்கையிலிருந்து இறங்கி வைக்கும் முதல் காலடியில் குதிகால் சுரீர் என்றால் உள்ளங்கால் தசைநார் இழுபட்டிருக்கிறது. ஒரு வாரம் மெத்தென்ற செருப்பு, கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி, பிறகு பாதி நேரத்திலிருந்து மறுபடி. பாதத்தின் மேற்புறம் ஒரே புள்ளியில் விரலால் தொட்டாலே வலித்தால் அது எலும்பில் மயிர்க்கோட்டு விரிசலாக இருக்கலாம். எக்ஸ்ரே எடுக்கும்வரை நடக்காதீர்கள்.

ஒரு பழைய நோட்டில், கிளம்பும் முன் பதற்றம் எத்தனை என்று 0 முதல் 10க்குள் ஒரு எண், முடிந்து பத்து நிமிடம் கழித்து ஒரு எண், முந்தைய இரவு தூங்கிய மணி. வேறெதுவும் எழுத வேண்டாம். எண் ஒரே நாளில் 8லிருந்து 2க்கு இறங்காது. ஒன்றிரண்டு இறங்கி, அன்று மதியம்வரை அங்கேயே நின்றால் நடை வேலை செய்கிறது.

எங்கே தவறுகிறது

பெரும்பாலும் பேச்சில். பக்கத்து வீட்டுக்காரரோடு ஊர்வம்பு பேசிக்கொண்டு நடப்பது நல்ல பொழுதுபோக்கு, இந்த நடை அல்ல. இரண்டாவது, நடையை யோசிக்கும் நேரமாக்குவது. காலையில் முதலாளிக்குச் சொல்ல வேண்டிய பதிலை ஒத்திகை பார்த்துக்கொண்டே இருபது நிமிடம் நடந்தால் எண் ஏறும், இறங்காது. மூன்றாவது, கூழாங்கல் பதித்த பாதை. எட்டு வடிவ நடைப் பாதைகளில் கல் பதித்து வைத்திருப்பார்கள். முதல் மாதத்தில் அதில் ஏறினால் வலி மட்டுமே கவனத்தில் நிற்கும், உடம்பு இறுகும். எட்டு வடிவம் கெடுதல் இல்லை, திரும்பிக்கொண்டே இருப்பதால் கவனம் நிற்கிறது. தலைசுற்றல் உள்ளவர்களுக்கு மட்டும் ஆகாது.

ஆயுள் முழுக்கக் கொல்லையில் வெறுங்காலோடு வேலை செய்தவர்களுக்கு இதனால் பதற்றம் ஒன்றும் குறையவில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. சரியான கேள்வி. அவர்கள் நடந்தது வேலைக்காக, வேகமாக, சுமையோடு. அவர்களுக்கு இதில் கிடைக்க வேண்டியது ஓய்வான வேகம்தான், மண் அல்ல.

வந்த பிறகு

சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கைத் துணியால் ஒற்றி உலர்த்துங்கள். உள்ளங்காலைக் கைக்கண்ணாடியில் பாருங்கள். இரவில் குதிகாலுக்குத் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவலாம், விரலிடுக்கில் வேண்டாம்.

முள் ஏறினால் இடத்தைக் கழுவி, நெருப்பில் காட்டி ஆறவைத்த ஊசியால், முள் நுழைந்த திசையிலேயே மேல்தோலைச் சற்றுத் திறந்து, இடுக்கியால் இழுங்கள். குறுக்கே தோண்டினால் உடையும். முள் வெளியே வர எருக்கம்பால் வைப்பது இந்தப் பக்கத்துப் பழக்கம். அது தோலைப் புண்ணாக்கும், அதே கை கண்ணில் பட்டால் கண்ணுக்கே ஆபத்து. சீமைக்கருவேல முள் ஆழமாக உடைந்திருந்தால் மருத்துவமனைக்குப் போங்கள். சில நாள் கழித்துத் தோலுக்கு அடியில் சிவப்பாகக் கோடு நெளிந்து ஊர்ந்தால் அது நாய்ப் புழு, மாத்திரையில் சரியாகும்.

பாம்பு கடித்தால் கத்தியால் கீற வேண்டாம், கயிற்றால் இறுக்க வேண்டாம், வாயால் உறிஞ்ச வேண்டாம். காலை அசைக்காமல் வைத்து 108இல் அரசு மருத்துவமனைக்கு. விஷமுறிவு மருந்து அங்கே இலவசம்.

நடை போதாத இடம்

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல், வேலைக்குப் போக முடியாமல் இருந்தால் நடையை வைத்துக்கொண்டே மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தருமபுரியிலும் உண்டு, கிருஷ்ணகிரியிலும் உண்டு. 14416 எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. வாழ்ந்து என்ன பயன் என்ற நினைப்பு வந்தால் அன்றே கூப்பிடுங்கள். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்கள் நடை நன்றாக இருக்கிறதென்று மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. தைராய்டும் இரத்தசோகையும் படபடப்பாக வரும், ஒருமுறை இரத்தம் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

மழை நாட்களில்

புரட்டாசி, ஐப்பசியில் தேங்கிய நீரில் கால் வைக்க வேண்டாம், எலிக்காய்ச்சல் கிருமி கீறல் வழியே ஏறும். அந்த நாட்களில் வீட்டுக் கூடத்தில் ஒரு கோணிச் சாக்கு, அதையடுத்து நனைத்துப் பிழிந்த பருத்தித் துண்டு, அதையடுத்து வெறும் தரை என்று வரிசையாக விரித்து, ஒவ்வொன்றின்மேலும் மூன்று மூச்சு நின்று நகருங்கள். ஆறு முறை போய்வந்தால் பத்து நிமிடம் ஆகும். ஈரத் துண்டிலிருந்து டைல்ஸில் கால் வைக்கும்போது வழுக்கும், நடுவில் ஒரு மிதியடி போட்டுவிடுங்கள்.